கோயம்புத்தூர்ல பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கு?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க வசதியாகத் திருத்திச் சுருக்கிய எழுத்து வடிவம்)

"ஏர்போர்ட்ல இறங்கிட்டேன், பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போறது?" மாசத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த மெசேஜ் எனக்கு வாட்ஸ்அப்ல வந்துடும். நான் திருப்பிக் கேட்கிறது எப்பவும் ஒண்ணுதான்: "எந்த ஊருக்குப் போகணும்?" கேட்டவங்களுக்குச் சின்னதா எரிச்சல் வரும். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டா இவன் ஏன் ஊரைக் கேட்கிறான்னு. ஆனா ஊரைச் சொன்னாத்தான் பஸ் ஸ்டாண்டைச் சொல்ல முடியும். கோயம்புத்தூர்ல "பஸ் ஸ்டாண்ட்"னு ஒத்தை இடம் கிடையாது. திசைக்கு ஒண்ணு இருக்கு.

அதைத்தான் இன்னிக்கு உட்கார்ந்து விளக்கப் போறேன். வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கான எபிசோடுதான், ஆனா உள்ளூர்க்காரங்களும் கேளுங்க. ராத்திரி மூணு மணிக்குச் சொந்தக்காரங்க போன் பண்றது உங்களுக்குத்தான்.

கோயம்புத்தூரை ஒரு கடிகாரம் மாதிரி நினைச்சுக்குங்க. நடுவில காந்திபுரம். அங்கே மட்டுமே பக்கத்துப் பக்கத்துல நாலு இடம் இருக்கிறது. டவுன் பஸ்ஸுக்கு ஒண்ணு. திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தியமங்கலம் பக்கம் போகிற வண்டிகளுக்கு மத்தியப் பேருந்து நிலையம். சென்னை, பெங்களூரு மாதிரி தூரத்து ஊர்களுக்கு அரசு விரைவுப் பேருந்து நிலையம். இதை இன்னமும் பாதிப்பேர் "திருவள்ளுவர் பஸ் ஸ்டாண்ட்"னுதான் சொல்வாங்க, அந்தக் கழகத்தோட பழைய பேர் அது. அப்புறம் சத்தி ரோட்டுல ஆம்னி பஸ் ஸ்டாண்ட். நாலுமே நடக்கிற தூரம்தான், ஆனா ரெண்டு பெட்டியோட நடந்து பாருங்க, அப்பத் தெரியும்.

கிழக்கே, திருச்சி ரோட்டுல சிங்காநல்லூர். திருச்சி, கரூர், மதுரை, திண்டுக்கல், அதுக்கும் தெற்கே போகிற வண்டிகள் இங்கிருந்து கிளம்பும். தெற்கே உக்கடம்: பொள்ளாச்சி, உடுமலை, பழனி, பாலக்காடு. வடக்கே மேட்டுப்பாளையம் ரோட்டுல, சாய்பாபா காலனிப் பக்கம் ஒரு ஸ்டாண்ட்: மேட்டுப்பாளையம், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி. எந்த ரோடு எந்த ஊருக்குப் போகுதோ, அந்த ரோட்டோட வாசல்லயே ஸ்டாண்டை வெச்சிருக்காங்க. ஊருக்குள்ள இருக்கிறவங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. மதுரை வண்டி காந்திபுரம் நெரிசல்ல வந்து திணற வேண்டியதில்லை. ஆனா ஒரு திசையில இருந்து வந்து இன்னொரு திசைக்கு மாறுகிற ஆளுக்கு? ஊட்டியில இருந்து இறங்கி மதுரைக்குப் போகணும்னா மேட்டுப்பாளையம் ரோட்டுல இறங்கி, டவுன் பஸ் பிடிச்சு, ஊரைக் குறுக்கே கடந்து சிங்காநல்லூர். ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுல இல்லாத கஷ்டம் அந்தப் பத்து கிலோமீட்டர்ல இருக்கும்.

எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வரணும்னு வெள்ளலூர்ல ஒரு ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் ஆரம்பிச்சாங்க. 61.62 ஏக்கர், 168 கோடி ரூபாய் திட்டம். 2020ல வேலை தொடங்கியது. தூண்கள் எழும்பின, கூரை கொஞ்சம் வந்தது, அப்புறம் பாதியிலேயே நின்னு போச்சு. ஆட்சி மாறினதாலயா, இடம் சரியில்லாததாலயாங்கிற சண்டை உள்ளூர் டீக்கடையில இன்னும் ஓடிட்டிருக்கு. நான் அதுக்குள்ள போகலை. பயணிக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான்: கூகுள் மேப்ல வெள்ளலூர் பஸ் டெர்மினல்னு பார்த்தா அங்கே போயிடாதீங்க. பஸ் வராது.

இப்ப ஏர்போர்ட்டுக்கு வருவோம். ஊர்ல இருந்து கிழக்கே, அவினாசி ரோட்டுல, பீளமேடு தாண்டி இருக்கு. இதுக்குத் தபால் விலாசம் இன்னிக்கும் "சிவில் ஏரோட்ரோம் போஸ்ட்"தான். டெர்மினல்ல இருந்து வெளியே வந்து அவினாசி ரோட்டைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்து ஸ்டாப் பேரு சித்ரா. யாரோ சித்ராங்கிற பொண்ணு பேருன்னு நினைக்காதீங்க. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தோட ஆங்கில எழுத்துச் சுருக்கம் அது. 1956ல வந்த நிறுவனம். பஞ்சாலை ஊருல பஸ் ஸ்டாப் பேரும் பஞ்சுல இருந்துதான் வரும்.

அதுக்கு அடுத்து ஊர்ப்பக்கமா வந்தா "ஹோப்ஸ்". இதுவும் ஒரு கதை. 1945ல ஜி.டி. நாயுடு முயற்சியில அங்கே ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. அப்போ மெட்ராஸ் மாகாணத்துக் கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பேரை வெச்சாங்க. கல்லூரி பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் இன்னிக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரியா இருக்கு. கல்லூரி போயிடுச்சு, கவர்னர் பேரு மட்டும் கண்டக்டர் வாயில தங்கிப் போச்சு.

ஜி.டி. நாயுடுன்னதும் பலருக்கு ரேசர், மோட்டார், அதிசயக் கண்டுபிடிப்புகள்தான் ஞாபகம் வரும். ஆனா அவர் தொழில் தொடங்கினது பஸ்ல. 1920ல ஒரே ஒரு வண்டி வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல அவரே ஓட்டினார். அதுதான் பிறகு யு.எம்.எஸ். ஆச்சு. பொள்ளாச்சியில நாச்சிமுத்துக் கவுண்டர் ஆரம்பிச்ச ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், அதாவது ஏ.பி.டி., இன்னொரு பெரிய பேரு. கொங்கு நாட்டுல பஸ்ஸுங்கிறது முதல்ல தனியார் தொழிலாத்தான் வளர்ந்தது. 1970களோட தொடக்கத்துல பெரிய கம்பெனி வண்டிகளை அரசு எடுத்துக்கிட்டது. 1972ல கோயம்புத்தூருக்குச் சேரன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1997ல தலைவர்கள், மன்னர்கள் பேரையெல்லாம் கழகங்கள்ல இருந்து எடுத்துட்டாங்க. எங்க அப்பாவுக்கு மட்டும் அது இன்னமும் "சேரன் பஸ்"தான். அரசு எடுத்துக்கிட்ட பிறகும் சின்னக் கம்பெனிகள் விட்டுப் போகலை. இன்னிக்கும் திருப்பூர், பொள்ளாச்சி ரூட்டுல அரசு வண்டிக்குப் பின்னாடியே பாட்டுப் போட்டுக்கிட்டு ஒரு தனியார் வண்டி வரும். ரெண்டுமே ரூட் பஸ்தான், ரெண்டுலயும் பயப்படாம ஏறலாம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஏர்போர்ட் அவினாசி ரோட்டுல இருக்குங்கிறதுல ஒரு பெரிய வசதி ஒளிஞ்சிருக்கு. வெளியூர்க்காரங்க பெரும்பாலும் அதைப் பயன்படுத்திக்கிறதே இல்லை. திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் போகிற வண்டிகள் காந்திபுரத்துல கிளம்பி இந்த ரோட்டு வழியாத்தான் போகும். அப்போ திருப்பூருக்குப் போகிற ஆள் ஏர்போர்ட்ல இருந்து டாக்ஸி பிடிச்சு மேற்கே காந்திபுரம் போய், அங்கே பஸ் ஏறி, திரும்பவும் ஏர்போர்ட் வாசல் வழியாவே கிழக்கே வரணுமா? இதைத் தினமும் நிறையப் பேர் செய்யறாங்க. போக ஒரு டாக்ஸிக் காசு, ஒரு மணி நேரம். சித்ராவுலயே நின்னா போதும். ஏர்போர்ட்ல இருந்து வந்தா நீங்க நிக்கிற பக்கத்து ஓரம் ஊருக்குள்ள போகிற ஓரம். கிழக்கே போகணும்னா ரோட்டைக் கடக்கணும்.

ஒரே ஒரு நிபந்தனை, கேட்டுட்டு ஏறணும். ரூட் பஸ் நிக்கும். இடைநில்லாப் பேருந்து நிக்காது. அதுவும் இப்போ மேம்பாலம் வந்த பிறகு கேட்கிறது ரொம்பவே முக்கியம். கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய்ல கட்டி 2025 அக்டோபர் 9 அன்னிக்குத் திறந்தாங்க. பேரு ஜி.டி. நாயுடு மேம்பாலம். கார்ல போறவங்களுக்கு ஏர்போர்ட் சட்டுனு கிட்ட வந்துடுச்சு. ஆனா சித்ராவும் ஹோப்ஸும் பாலத்துக்குக் கீழே இருக்கு. மேலே ஏறிப் போகிற வண்டி கீழே நிக்கிறவங்களுக்கு இல்லாத வண்டி. பஸ்ஸுல தொடங்கின மனுஷன் பேருல இருக்கிற பாலம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க தலைக்கு மேல போகுது. இதுல ஒரு சின்ன வேடிக்கை இருக்கத்தான் செய்யுது.

இதே கதைதான் திரும்பி வரும்போதும். ஈரோட்டுல இருந்து பிளைட் பிடிக்க வர்றீங்கன்னா, ஏறும்போதே கண்டக்டர்கிட்ட, "ஏனுங்ணா, சித்ராவுல நிக்குங்களா?"ன்னு கேட்டுக்குங்க. "நிக்குங்க"ன்னா ஏறுங்க. "பாலத்துல போயிருமுங்க"ன்னா அடுத்த வண்டி. சித்ராவுல இறங்கினா டெர்மினல் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சின்னப் பையோட நடக்கலாம், பெட்டி இருந்தா ஆட்டோ.

மதுரை, திருச்சிப் பக்கம் போறவங்களும் காந்திபுரம் போக வேண்டாம். ஹோப்ஸ்ல இருந்து காமராஜர் ரோடு நேரா சிங்காநல்லூருக்குப் போகுது. ஏர்போர்ட் டாக்ஸிக்காரர் பழக்கத்துல "பஸ் ஸ்டாண்டுங்களா?"ன்னு கேட்டுட்டுக் காந்திபுரம் பக்கம் திருப்பிடுவார். நீங்க ஏறும்போதே "சிங்காநல்லூர்"னு சொல்லிடணும்.

ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க இதைக் கவனமாக் கேளுங்க. கேரளாவுல இருந்தும், வளைகுடாவுல இருந்தும், பக்கத்து மாவட்டங்கள்ல இருந்தும் கோயம்புத்தூருக்கு வர்றவங்கள்ல கணிசமான பேரு சுத்திப் பார்க்க வர்றவங்க இல்லை, வைத்தியத்துக்கு வர்றவங்க. கே.எம்.சி.ஹெச்., பீளமேட்டுல பி.எஸ்.ஜி., அரவிந்த் கண் மருத்துவமனை, இதெல்லாம் அதே அவினாசி ரோட்டுல, ஏர்போர்ட்டுக்கும் ஊருக்கும் நடுவுலயோ கிட்டயோ இருக்கு. கண் ஆபரேஷனுக்கு அம்மாவைக் கூட்டிட்டு வர்றவங்க, காந்திபுரத்துல ரூம் போட்டுத் தினமும் அந்த ரோட்டுல போய் வர்றதை நான் நிறையப் பார்த்திருக்கேன். பீளமேடு, ஹோப்ஸ் பக்கமே ரூம் எடுங்க. பாலம் காருக்குத்தான் வேகம்.

டவுன் பஸ் பத்தி ஒரு வார்த்தை. 2021 மே மாசத்துல இருந்து அரசுச் சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது உள்ளூர்ப் பெண்களுக்கு மட்டும்தானேன்னு நிறையப் பேரு நினைச்சுக்கிறாங்க. இல்லீங்க, எந்த ஊர்க்காரங்கன்னு யாரும் கேட்க மாட்டாங்க. கண்டக்டர் ஒரு சீட்டு கிழிச்சுக் கொடுப்பார், வாங்கி வெச்சுக்குங்க. தனியார் டவுன் பஸ்ல இது செல்லாது. ஏறும் முன்னாடி அரசு வண்டியான்னு பார்த்துக்குங்க. காந்திபுரம் டவுன் ஸ்டாண்டுல இருந்து மருதமலைக்கு 70, ஈஷாவுக்கு 14 டி. இந்த ரெண்டு நம்பரைத் தெரிஞ்சுக்கிட்டா வந்தவங்கள்ல பாதிப்பேருக்கு வழி கிடைச்சுடும்.

டாக்ஸியில சொல்ல அதிகம் இல்லை. ஏர்போர்ட்டுக்குள்ளேயே டாக்ஸி கவுண்டர் இருக்கு, ஆப் வண்டிகள் இருக்கு, நம்ம ஊர்லயே பிறந்த ரெட் டாக்ஸி இருக்கு. ரெண்டு மூணுல விலை பார்த்துட்டு ஏறுங்க. ஆட்டோன்னா மீட்டரை எதிர்பார்க்காதீங்க, ஏறும் முன்னாடியே பேசிக்குங்க. மெட்ரோ வந்தா எல்லாம் மாறிடும்னு சொல்லிட்டிருந்தாங்க. அவினாசி ரோட்டு வழியா ஒரு பாதை போட்டிருந்தாங்க. 2025 நவம்பர்ல மத்திய அரசு அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிடுச்சு. 2011 கணக்கெடுப்புப்படி 20 லட்சம் மக்கள்தொகை இல்லைங்கிறது காரணம். 2011ஐ வெச்சு 2025ஐ அளக்கிறது எனக்குச் சரியாப் படலை. அது இருக்கட்டும். இப்போதைக்கு பஸ்தான்.

இப்போ ராத்திரிக்கு வர்றேன். இந்த எபிசோடை நான் பண்ணினதே இதுக்காகத்தான்.

என் பெரியம்மா பொண்ணு பெங்களூருல வேலை பார்க்கிறா. பொங்கலுக்கு ரயில்ல இடம் கிடைக்கலை. ஒரு தனியார் ஸ்லீப்பர் பஸ்ல புக் பண்ணினா. பேரு சொல்லலை, எல்லாக் கம்பெனியிலயும் நடக்கிறதுதான். டிக்கெட்டுல கோயம்புத்தூர்னு இருந்தது. ராத்திரி மூணேகாலுக்கு கிளீனர் வந்து காலைத் தட்டி, "கோயம்புத்தூர், கோயம்புத்தூர், சீக்கிரம்"னு எழுப்பினார். தூக்கக் கலக்கத்துல பையை எடுத்துட்டு இறங்கினா. வண்டி போயிடுச்சு. சுத்திப் பார்த்தா ஊரைக் காணோம். ஒரு பெரிய ரோடு, லாரி, ஒரு டீக்கடை. அவ இறங்கின இடம் நீலாம்பூர்.

எங்க மாமா போன்ல சொன்னது இவ்வளவுதான்: "நீ எங்கயும் நகராத கண்ணு. டீக்கடை வெளிச்சத்துலயே நில்லு. நான் வந்தர்றேன்." வந்துட்டார். ஆனா வர்றதுக்கு மாமா இல்லாத பொண்ணுங்க எத்தனை பேரு அந்த முனையில நிக்கிறாங்க?

இது ஏன் நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். அந்த பஸ் கோயம்புத்தூருக்கு வர்ற வண்டி இல்லை. கொச்சிக்குப் போகிற வண்டி. சேலத்துப் பக்கமிருந்து வர்ற நெடுஞ்சாலை நீலாம்பூர்ல ரெண்டாப் பிரியுது. ஒண்ணு அவினாசி ரோடா ஊருக்குள்ள வருது. இன்னொண்ணு மதுக்கரை வரைக்கும் 28 கிலோமீட்டர் பைபாஸ். கட்டின கம்பெனி பேரால எல் அண்ட் டி பைபாஸ்னு சொல்வோம். கேரளா வண்டி ஊருக்குள்ள வந்து போனா அதுக்கு நேரம் போகும், டீசல் போகும். அதனால ஊரோட விளிம்புல உங்களை உதிர்த்துட்டு பைபாஸ்ல திரும்பிடுது. கம்பெனி கணக்குல நீலாம்பூரும் கோயம்புத்தூர்தான். சட்டப்படி அவங்க பொய் சொல்லலை. ஆப்ல "டிராப்பிங் பாயிண்ட்"னு ஒரு வரி இருக்கும், அதுல நீலாம்பூர்னே எழுதியிருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு நீலாம்பூர்னா காந்திபுரத்துக்குப் பக்கத்துத் தெருவா, பன்னெண்டு பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளியான்னு எப்படித் தெரியும்?

அதனால புக் பண்ணும்போது முதல்ல பார்க்க வேண்டியது விலையும் இல்லை, ஸ்டார் ரேட்டிங்கும் இல்லை. வண்டி கடைசியா எந்த ஊருக்குப் போகுதுன்னு பாருங்க. கோயம்புத்தூரோட முடிகிற வண்டின்னா காந்திபுரம் வரைக்கும் வரும். எர்ணாகுளம், திருச்சூர்னு போகிற வண்டின்னா சந்தேகப்படுங்க. விடியக்காலை ரெண்டுல இருந்து நாலு மணிக்குள்ள இறக்கிவிடற வண்டியை முடிஞ்சா தவிர்த்துடுங்க. அரை மணி நேரம் தாமதமாக் கிளம்பி அஞ்சரைக்கு வர்ற வண்டி நூறு ரூபாய் அதிகம்னாலும் அதுல வாங்க. அஞ்சு மணிக்கு மேல அவினாசி ரோட்டுல டவுன் பஸ் ஓட ஆரம்பிச்சுடும், டீக்கடை, பூக்கடை, பால் வண்டி எல்லாம் வந்துடும். வேற வழியில்லாம நீலாம்பூர்தான்னா, அவினாசி தாண்டும்போதே டாக்ஸி புக் பண்ணிடுங்க; அவசரம்னா 112.

இன்னொரு பக்கம் பார்த்தா, இதே நீலாம்பூர் சில பேருக்கு வரம். சென்னையில இருந்து ராத்திரி பஸ்ல வந்து காலையில பிளைட் பிடிக்கிறவங்க காந்திபுரம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டாம். நீலாம்பூர், கே.எம்.சி.ஹெச்., சித்ரா, எதுல நிறுத்துவாங்களோ அங்கே இறங்கினா ஏர்போர்ட் கிட்ட. சாயங்காலம் பிளைட்ல வந்து ராத்திரி ஆம்னி பஸ்ல சென்னை போறவங்களும் காந்திபுரத்துக்குப் பதிலா ஹோப்ஸ் போர்டிங் பாயிண்ட் போட்டுக்கலாம். வண்டி அங்கே கொஞ்சம் தாமதமா வரும், அந்த நேரம் உங்களுக்கு லாபம்.

ஆம்னி பஸ், அரசு பஸ் வித்தியாசம் வெறும் ஏசி, மெத்தை மட்டும் இல்லை. சட்டமே வேற. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல ரூட் பஸ் ஒரு வகை. வழியெல்லாம் ஆள் ஏத்தி இறக்கலாம், கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும். ஆம்னி பஸ் காண்ட்ராக்ட் கேரேஜ்ங்கிற வகையில வருது. கல்யாணத்துக்கு மொத்தமா வண்டி பேசுகிறோம் இல்லையா, சட்டத்தோட கண்ணுல அது அப்படிப்பட்ட வண்டி. அதனாலதான் அரசுச் சாதாரண பஸ்ஸுக்கு 2018ல கிலோமீட்டருக்கு 58 பைசான்னு நிர்ணயம் இருக்கு, ஆம்னி பஸ்ஸுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் விமான டிக்கெட் விலை வருது. பண்டிகை வாரத்துல ஊருக்குப் போறவங்க அரசு விரைவுப் பேருந்தை முன்கூட்டியே ஆன்லைன்ல பிடிச்சு வெச்சுடறதுதான் புத்திசாலித்தனம். ஒண்ணு மட்டும்: அந்த நாட்கள்ல சில ஊர் வண்டிகளை வேற இடத்துல இருந்து விடுவாங்க. கிளம்பும் முன்னாடி அன்னிக்குச் செய்தி பார்த்துக்குங்க.

பாதுகாப்பு பத்தியும் சொல்லணும். 2020 பிப்ரவரி 20 விடியக்காலை, பெங்களூருல இருந்து எர்ணாகுளம் போன கேரள அரசு பஸ் அவினாசிகிட்ட விபத்துல சிக்கிச்சு. எதிர்ப்பக்கம் வந்த கண்டெய்னர் லாரி சென்டர் மீடியனைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தாங்க. பெரும்பாலானவங்க தூக்கத்துல. பஸ் டிரைவர் பண்றதுக்கு எதுவுமே இல்லாத விபத்து அது. 2025 அக்டோபர்ல கர்னூல்கிட்ட ஐதராபாத்–பெங்களூரு ஸ்லீப்பர் பஸ் ஒண்ணு பைக்ல மோதித் தீப்பிடிச்சு, பஸ்ல இருந்த 19 பேர் இறந்தாங்க. தப்பினவங்கள்ல பல பேரு ஜன்னலை உடைச்சு வெளியே வந்தவங்க. பயமுறுத்த இதைச் சொல்லலை. ஸ்லீப்பர் பஸ்ல ஏறினதும் போன் சார்ஜர் பாயிண்ட் எங்கேன்னு தேடறோம் இல்லையா, அதே அஞ்சு நிமிஷத்துல எமர்ஜென்சி கதவு எது, கண்ணாடி உடைக்கிற சுத்தியல் இருக்கான்னு பார்த்துடுங்க. சுத்தியல் இல்லைன்னா கிளீனரைக் கேளுங்க. கூச்சப்பட வேண்டாம்.

கடைசியா, நேயர்கள் அனுப்பின ரெண்டு கேள்வி.

ஒருத்தர் கேட்டிருக்கார்: "நாலு பேரு ஏர்போர்ட்ல இறங்கி நேரா ஊட்டி போகணும். டாக்ஸியா, பஸ்ஸா?" நாலு பேருன்னா டாக்ஸி கட்டுப்படியாகும். ஆனா 2024 மே 7ல இருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்குள்ள போகிற வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேணும். 2025 கோடையில வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000 வண்டின்னு கணக்கே வெச்சுட்டாங்க. டிரைவர்கிட்ட இ-பாஸ் எடுத்தாச்சான்னு கிளம்பும் முன்னாடியே கேளுங்க, கல்லாறு செக்போஸ்ட்ல போய்க் கேட்காதீங்க. வால்பாறைக்கும் 2025 நவம்பர்ல இருந்து இதே முறை. அரசு பஸ்ல போறவங்களுக்கு இ-பாஸ் தேவையே இல்லை. டாக்ஸின்னா ஊருக்குள்ள போகாம காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர் வழியா மேட்டுப்பாளையம் ரோட்டைப் பிடிக்கச் சொல்லுங்க. பஸ்ஸுன்னா மேட்டுப்பாளையம் ரோட்டு ஸ்டாண்டு. மலை ஏறும்போது முன் சீட்டுல உட்காருங்க, குமட்டல் குறையும்.

இன்னொருத்தங்க, மதுரைப் பொண்ணு: "சிங்காநல்லூர்ல ஏறினேன், மதுரையில மாட்டுத்தாவணியில இறக்குவாங்கன்னு அப்பா அங்கே காத்திருந்தார், பஸ் வேற எங்கேயோ போச்சு." அம்மணி, அது ஆரப்பாளையம். கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கத்து வண்டிகள் அங்கேதான் போகும். மதுரையிலயும் திசைக்கு ஒரு ஸ்டாண்டுதான். சென்னைக்குப் போறவங்களும் இதைக் குறிச்சுக்குங்க: 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் திறந்த பிறகு, கோயம்புத்தூர்ல இருந்து போகிற தென்பக்கத்து வண்டிகள் அங்கேயே நின்னுடுது. கோயம்பேடு இன்னும் முப்பது கிலோமீட்டர். உங்க ரூம் வடபழனியிலயா, தாம்பரத்துலயான்னு பார்த்துட்டு, அங்கிருந்து மாநகரப் பேருந்தா, வண்டலூர்ல எலெக்ட்ரிக் டிரெயினான்னு ராத்திரியே முடிவு பண்ணிட்டுத் தூங்குங்க. காலையில கிளீனர் தட்டி எழுப்பும்போது யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்.